மைனர் வாங்க 18 இலட்சம்: காருக்கு எவ்வளவு, கறளுக்கு எவ்வளவு?

கோட்டையடி:

வணக்கம். மொறிஸ் மைனர் ஒன்று வாங்கும் எண்ணம். கையில் இருப்பது 18 இலட்சம் ரூபாய். கடன் எடுக்கும் யோசனை இல்லை. இரண்டு கார் பார்வையில் இருக்கிறது.

முதலாவது உப்புவெளியில். 1098 சி.சி., நான்கு கதவு, பதிவுப் புத்தகத்தில் 1964. புதுப் பெயின்ற், புது சீற், சாவி திருப்பினால் உடனே ஸ்டார்ட். கீழே முழுக்கக் கறுப்புத் தார் அடித்திருக்கிறது. 15 இலட்சம் கேட்கிறார்கள்.

இரண்டாவது கந்தளாயில். 948 சி.சி., இரண்டு கதவு, 1959. பெயின்ற் வெளிறிப் போய்விட்டது. இரண்டு வருஷமாக ஓடவில்லை. எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை. தரை பார்வைக்கு நல்லாக இருக்கிறது. 9 இலட்சம்.

வீடு திருகோணமலை டச்பே பக்கம், கடலுக்கு 200 மீற்றர் கூட இல்லை. கொட்டகை உண்டு, கதவு இல்லை. மாதம் 300 கி.மீ. அளவில்தான் ஓட்டம்: டவுன், நிலாவெளி, இடைக்கிடை ஹபரணை.

எதை எடுப்பது? வாங்கும் விலைக்கு மேல் முதல் வருஷத்துக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்? பிறகு வருஷா வருஷம் என்னென்ன செலவு வரும்?


தகரக்கை:

இரண்டு காரிலும் எஞ்சினைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டுக் கீழே படுத்துப் பாருங்கோ தம்பி. மைனருக்குத் தனியான செஸி (அடிச்சட்டம்) கிடையாது. தரை, சில் (கதவு வாசலுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகரம்), நடுக் குறுக்குச் சட்டம், எஞ்சினைத் தாங்கும் முன் கால்கள் (நீளச் சட்டங்கள்) எல்லாம் ஒன்றாக ஒட்டிய உடல்தான் காரைச் சுமக்கிறது. எஞ்சின் பழுதென்றால் கழற்றி மேசையில் வைத்துச் செய்யலாம். உடல் உக்கினால் எதைக் கழற்றி எங்கே வைப்பது? வாடைக்காற்றுக் காலத்தில் டச்பே வீடுகளின் ஜன்னல் கம்பியில் கடல் தூவல் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே உப்பு கதவின் அடி மடிப்புக்குள்ளும் சில்லின் உள்ளேயும் போய் ஈரத்தோடு குந்தியிருக்கும். எங்கள் ஊரில் பழைய காரின் கணக்குக் கறளில்தான் தொடங்கும்.

பார்க்கப் போகும்போது மூன்று சாமான் கொண்டு போங்கோ: பிரிஜ் கதவில் ஒட்டுகிற சின்னக் காந்தம், நுனி மழுங்கிய ஸ்குரூ டிரைவர், நல்ல டோர்ச். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, முன் மட்காட்டின் பின்மூலை (கதவுப் பிணைச்சலுக்குக் கீழே), சில் முழு நீளம், கதவின் அடி நாலு விரல் உயரம், பின் சக்கர வளைவு, டிக்கித் தரை, இவ்வளவு இடத்திலும் வைத்துப் பாருங்கோ. நழுவி விழுந்தால் அங்கே தகரம் இல்லை, ஓட்டையை அடைத்துப் பூசிய பட்டிதான். விரல் முட்டியால் தட்டினாலும் தெரியும். நல்ல தகரம் கணீரென்று சொல்லும், பட்டி மரத்தில் தட்டின மாதிரி மந்தமாக இருக்கும்.

அடுத்தது ஜக். முன் கதவுக்கு நேர் கீழே நடுக் குறுக்குச் சட்டத்தின் நுனி வரும். அங்கே ஒரு பலகைத் துண்டை வைத்து, முன் சக்கரம் நிலத்தை விட்டு எழும்பும் வரை மெல்ல உயர்த்துங்கோ. உயர்த்தும்போது கண் கதவின் மேல் இடைவெளியில் இருக்க வேண்டும். இடைவெளி ஒடுங்கினால், அல்லது முன்பு சுகமாகப் பூட்டிய கதவு இப்போது முட்டினால், சில்லும் குறுக்குச் சட்டமும் போய்விட்டது. ஜக்கே தகரத்துக்குள் புதைந்தால் அந்தப் பக்கம் இனிப் பேச ஒன்றும் இல்லை. இந்தக் குறுக்குச் சட்டத்தில்தான் முன் சஸ்பென்ஷனின் ரோர்ஷன் பாரின் (ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) பின்நுனி பிடித்திருக்கிறது. அது கழன்றால் காரின் முன்பக்கம் ஒரு பக்கமாக இறங்கிவிடும்.

தார் அடித்த கார் என்றால் விலை பேசுவதற்கு முன் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கோ. குறுக்குச் சட்டத்தின் இரண்டு நுனி, பின் லீஃப் ஸ்பிரிங்கை உடலில் பிடிக்கும் முன் ஹங்கர் இரண்டு, சாரதி பக்கத்து முன் கால், இந்த ஐந்து இடம் போதும். விடமாட்டோம் என்றால் அந்த ஐந்தும் உக்கியது என்றே கணக்குப் போடுங்கோ. தார் வெடித்து அதற்குள் உப்புத்தண்ணீர் போனால் வெளியே வர வழி இல்லை. மேலே கறுப்பாகப் பளபளக்கும், உள்ளே தகரம் பிஸ்கற் மாதிரி உதிரும்.

சில் மாற்றுவதென்றால் வேலைக்காரனைப் பார்த்துக் கொடுங்கோ. செய்ய வேண்டிய ஒழுங்கு இது: முதலில் கதவு வாசலுக்குள் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து ஒட்டி வாசலின் அளவைக் கட்ட வேண்டும். பிறகு ஒரு பக்கம் மட்டும் வெட்டி, உக்கின தகரத்தை நல்ல தகரம் வரும் வரை எடுத்து, 18 கேஜ் தகரத்தில் உட்பெட்டியும் வெளித்தகடும் செய்து மிக் வெல்டிங்கில் ஒட்ட வேண்டும். அந்தப் பக்கம் முடிந்த பிறகுதான் மற்றப் பக்கம். வாசலைக் கட்டாமல் இரண்டு பக்கமும் ஒன்றாக வெட்டினால் உடல் நடுவில் தொய்ந்துவிடும், பிறகு எந்தக் கதவும் பொருந்தாது. ஆர்க் வெல்டிங் இந்த மெல்லிய தகரத்துக்கு ஆகாது, ஓட்டை ஓட்டையாக எரிக்கும். வெல்டிங் தொடங்கும் முன் பற்றரி வயர் கழற்ற வேண்டும். டிக்கிப் பக்கம் வேலை என்றால் பெற்றோல் டாங்கியையே இறக்கி வெளியே வைக்க வேண்டும். டாங்கி டிக்கித் தரைக்கு நேர் கீழேதான் இருக்கிறது.

உக்கின தகரத்துக்கு மேலேயே புதுத் தகரம் போட்டு மூடுகிற வேலை மலிவாக முடியும். அதை மட்டும் செய்விக்காதேங்கோ. உள்ளே இருக்கிற கறள் ஒரு மாரிக்குள் புதுத் தகரத்தையும் தின்றுவிடும்.

உப்புவெளிக் காரைப் பற்றி ஒரு சொல். கீழே வெல்டிங் தேவை என்றால் சில் ஓரம், மட்காட் மூலை, கதவுத் தூண் எங்கும் பெயின்ற் கருகும். அந்தப் புதுப் பெயின்றுக்கும் சேர்த்து 15 இலட்சம் கொடுத்துவிட்டு, பிறகு அதை எரிக்கவும் திரும்ப அடிக்கவும் காசு கொடுக்க வேண்டி வரும். வெளிறின பெயின்ற் உள்ள கார் ஒன்றையும் மறைக்காது.


கிறீஸ்கன்:

தகரம் பற்றி அண்ணர் சொன்னதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. முன் சக்கரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மைனரில் ஆளைக் கொல்லக்கூடிய பழுது அங்கேதான் இருக்கிறது.

ஒவ்வொரு முன் சக்கரமும் மேலேயும் கீழேயும் ஒவ்வொரு ட்ரனியனில் (சக்கரத்தை சஸ்பென்ஷன் கையோடு இணைக்கும் மூட்டு) திரும்புகிறது. கீழ் ட்ரனியன் புரி வெட்டிய துண்டு. சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த காலின் புரியில் ஏறி நிற்கிறது, ஸ்டியரிங் திருப்பும்போது அந்தப் புரியில்தான் சுழல்கிறது. கிறீஸ் இல்லாவிட்டால் புரி தேய்ந்து கத்தி விளிம்பு மாதிரி ஆகும். ஒரு நாள் கால் அதிலிருந்து கழன்று சக்கரம் மட்காட்டுக்குள் மடிந்துவிடும். பெரும்பாலும் மெதுவாக, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பின்னுக்கு எடுக்கும்போதுதான் நடக்கும். வேகத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை.

பார்க்கும் முறை: ஜக்கை சஸ்பென்ஷன் கைக்குக் கீழே கொடுத்து சக்கரத்தைத் தூக்குங்கள். மேலே 12 மணிக்கும் கீழே 6 மணிக்கும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரைப் பிறேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பெயரிங். நிற்காவிட்டால் ட்ரனியன், அல்லது மேல் கை. மைனரில் முன் ஷொக் அப்சோபரே மேல் கை. அதன் தண்டு தேய்ந்தாலும் சக்கரம் சரியும். கடைசியாக சக்கரத்துக்குக் கீழே ஒரு கம்பியைக் கொடுத்து மேலே நெம்புங்கள். கால் புரிக்குள் மேலும் கீழும் அசைவது கண்ணுக்குத் தெரிந்தால் அந்தக் காரை ஓட்டி வராதீர்கள், லொறியில் ஏற்றுங்கள்.

புதிது போட்ட பிறகு முன்பக்கம் ஒரு சக்கரத்துக்குக் கிறீஸ் அடிக்கும் நிப்பிள் மூன்று: மேல் ட்ரனியன், கீழ் ட்ரனியன், டை ரொட் நுனி. 1,600 கி.மீ.க்கு ஒரு தடவை கிறீஸ். உங்கள் ஓட்டத்துக்கு ஐந்து மாதம் ஆகும், ஆனால் கடலோரத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அடியுங்கள். சக்கரத்தைத் தூக்கி, பாரம் இல்லாமல் வைத்துத்தான் அடிக்க வேண்டும். நிலத்தில் நிற்கும்போது பாரம் தாங்கும் புரிமுகம் நெருங்கி ஒட்டியிருக்கும், கிறீஸ் சுலபமான பக்கத்தால் வெளியே வந்துவிடும். பழைய கறுப்புக் கிறீஸ் தள்ளுப்பட்டுப் புதுநிறம் வரும் வரை அடியுங்கள்.

பிறேக். ஒயில் போவது ஒரே சேர்க்கிற், எங்கே கசிந்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிறேக் இல்லை. மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே உடலின் நீளச் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. கார்பெட்டைத் தூக்கித் தரையில் உள்ள சின்ன மூடியைக் கழற்றித்தான் பிறேக் ஒயில் பார்க்க வேண்டும். அதனாலேயே பலர் பார்ப்பதில்லை. அதைக் கழற்றும்போது அதன் போல்ற்றுகளுக்கு ரோர்ஷன் பார் மறிக்கும், ஆகவே சாமானின் விலையோடு ஒரு நாள் கூலியையும் சேர்த்துக் கொள்ளுங்கள். இரண்டு வருஷம் நின்ற காருக்கு முழுப் பிறேக்கும் செய்ய வேண்டும்: மாஸ்டர் 1, வீல் சிலிண்டர் 6 (முன்னுக்குச் சக்கரத்துக்கு இரண்டு, பின்னுக்கு ஒன்று), ரப்பர் ஹோஸ் 3, ஷூ நான்கு சக்கரத்துக்கும். ஓர்டர் கொடுக்க முன் முன் ட்ரம்மை அளவுங்கள். 948க்கு 7 அங்குலம், 1098க்கு 8 அங்குலம். கிளச்சும் அப்படித்தான், 948க்கு 6¼, 1098க்கு 7¼. எஞ்சின் மாறின கார்களில் இது குழம்பியிருக்கும். கழற்றிப் பார்க்காமல் ஆண்டை மட்டும் சொல்லி இங்கிலாந்திலிருந்து எடுப்பித்தால் சாமானும் போகும், அனுப்புக் கூலியும் போகும். கொழும்புப் பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் முதலில் விசாரித்து, கிடைக்காததை எல்லாம் சேர்த்து ஒரே பொதியாக எடுப்பியுங்கள்.

கந்தளாய் எஞ்சின் பற்றாததற்கு நான் பயப்படமாட்டேன். சுற்றுகிறது என்பதே பெரிய விஷயம். நான்கு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு இரவு முழுக்க விடுங்கள். மறுநாள் முன்னால் கைப்பிடி போட்டுக் கையால் சுற்றுங்கள். பழைய பெற்றோலை முழுக்க வடியுங்கள், பிசினாகிப் போயிருக்கும். பின்பு பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரைச் சுழற்றி ஒயில் லைற் அணையும் வரை பாருங்கள். அதற்குப் பிறகும் எஞ்சின் பற்றாமைக்குக் காரணம் அநேகமாக மூன்றில் ஒன்றுதான்: எஸ்.யூ. மின்சாரப் பெற்றோல் பம்பின் பொயின்ற் (மின் தொடுமுனை) கறுத்து டிக் டிக் சத்தம் இல்லாமல் இருக்கும். கார்பரேற்றர் மிதவை ஊசி ஒட்டியிருக்கும். அல்லது டிஸ்ரிபியூட்டர் பொயின்ற் கருகியிருக்கும். பொயின்ற் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் 0.025 அங்குலம், வால்வ் குளிரில் 0.012 அங்குலம்.

வாங்க முன்னரே கொம்பிரஷன் பார்க்க விட்டால் நல்லது. நான்கும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் அதற்குள் கொஞ்சம் ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ். இலங்கையில் 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நின்றுவிட்டது. இந்த எஞ்சினின் வால்வ் இருக்கை சாதாரண வார்ப்பிரும்பு, ஈயம் இல்லாமல் நீண்ட தூரம் வேகமாக ஓடினால் எக்ஸோஸ்ற் இருக்கை மெல்ல உள்ளே இறங்கும். வால்வ் இடைவெளி வைக்க வைக்க ஒடுங்கிக் கொண்டே போவதுதான் அடையாளம். ஹெட் எப்படியும் ஒரு நாள் கழற்ற வேண்டி வந்தால் அன்றைக்குக் கடினமான இருக்கை நான்கு போடுவியுங்கள். அதற்காக மட்டும் இப்போது ஹெட்டைக் கழற்ற வேண்டாம். உங்கள் ஓட்டத்துக்கு அவசரம் இல்லை.

எஞ்சினின் பின்பக்கத்தில் சொட்டுச் சொட்டாக ஒயில் விழுந்தால் காசைச் செலவழித்துத் துரத்தாதீர்கள். அங்கே ரப்பர் சீல் வைத்துச் செய்த எஞ்சின் இல்லை இது. கீழே ஒரு தட்டு வையுங்கள், ஒயில் கம்பியை வாரம் ஒருதரம் பாருங்கள்.


டைனமோ22:

மின்சாரம் பற்றி மட்டும். ஒறிஜினல் மைனரில் பற்றரியின் நேர் முனைதான் பொடியில் பிடித்திருக்கும். இது தெரியாமல் போன் சார்ஜரோ ரேடியோவோ மாட்டினால் அந்த நிமிஷமே எரியும். மாற்றியிருக்கிறார்களா என்று முதலில் பற்றரி வயரைத் தொடர்ந்து பாருங்கள்.

பற்றரியைச் சார்ஜ் பண்ணும் ஒறிஜினல் டைனமோ 22 அம்பியர் அளவுதான். ஐட்லிங்கில் சார்ஜ் ஏறாது. இரவில் லைற் போட்டு டவுனுக்குள் ஊர்ந்தால் பற்றரிதான் செலவாகும். ஹலஜன் பல்ப், பெரிய ஹோர்ன், ரேடியோ எல்லாம் வேண்டும் என்றால் ஓல்டனேற்றருக்குப் போங்கள். பகல் ஓட்டம் மட்டும் என்றால் டைனமோவே போதும், அதற்கு பிரஷ் இரண்டும் ஒரு பெல்ற்றும்தான் செலவு. வயரிங் துணி சுற்றிய பழைய வயர் என்றால் அதை ஒட்டுப் போட வேண்டாம், முழு ஹார்னஸாக (வயர்த் தொகுதியாக) மாற்றுங்கள். மைனரில் ஃபியூஸ் இரண்டே இரண்டு, ஹெட்லைற் வயரில் அதுகூட இல்லை.


கிறீஸ்கன்:

ஓல்டனேற்றர் விஷயத்தில் தம்பியோடு உடன்படுகிறேன், ஆனால் முதல் வருஷத்தில் அதற்குக் காசு வைக்க வேண்டாம். முதல் வருஷக் காசு முழுக்கத் தகரத்துக்கும் பிறேக்குக்கும் முன் சக்கரத்துக்கும்தான்.


கிண்ணியாப் பாலம்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கடதாசி வேலையை யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன்.

புத்தகத்தில் உள்ள செஸி எண்ணையும் எஞ்சின் எண்ணையும் காரில் உள்ள தகட்டோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். செஸி எண் தகடு பொனற்றுக்குக் கீழே எஞ்சினுக்குப் பின்னால் உள்ள சுவரில் றிவற்றால் பிடித்திருக்கும். தகடு பழையது, றிவற் மட்டும் புதிது என்றால் நின்று யோசியுங்கள். எஞ்சின் எண் பொருந்தாவிட்டால் மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவித்த பிறகுதான் காசு கொடுக்க வேண்டும். அந்த அலைச்சலை விற்பவரே செய்து தரட்டும். ஆண்டும் உடலும் பொருந்துகிறதா என்று பார்ப்பது சுலபம்: 1956க்கு முந்தியதில் முன் கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டாக இருக்கும், அதன் பிறகு வளைந்த ஒரே கண்ணாடி. 948 எஞ்சின் 1956 முதல் 1962 வரை, அதற்குப் பிறகு 1098.

ஓப்பின் பேப்பரில் (பெயர் மாற்றாமல் கைமாறும் கையெழுத்துப் படிவத்தில்) வாங்காதீர்கள். புத்தகத்தில் உள்ள பெயர்க்காரரே எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 படிவங்களில் கையெழுத்து வைக்க வேண்டும். பழைய கார்களில் பெயர்க்காரர் காலமாகியிருப்பது வழமை. அப்படியென்றால் உரித்தாளர் அத்தாட்சி எல்லாம் தேவைப்படும். அதை முடிக்காமல் முற்பணம் கூட வேண்டாம். கைமாறி 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்பதும் சட்டம். கந்தளாய்க் கார் இரண்டு வருஷம் நின்றது என்கிறீர்கள், வருமான அனுமதிப்பத்திர நிலுவையும் தண்டமும் இருக்கலாம். பிரதேச செயலகத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்துத் தொகையை அறிந்து, அதை விலையில் கழியுங்கள்.

காப்புறுதியில் ஒரு பிழை பலர் விடுகிறார்கள். தவணைப் பணம் குறையட்டும் என்று காரின் பெறுமதியைக் குறைத்துச் சொல்வது. 12 இலட்சம் பெறுமதியான காரை 6 இலட்சம் என்று எழுதினால், மட்காட் ஒன்று நசுங்கினாலும் செலவில் பாதிதான் தருவார்கள். மதிப்பீட்டாளரைக் கொண்டு பார்வையிடுவித்து, படங்களோடு பெறுமதியை எழுத்தில் வாங்குங்கள். வேலை முடிந்து காரின் மதிப்பு ஏறிய பிறகு அதைத் திருத்துங்கள்.


கோட்டையடி:

எல்லோருக்கும் நன்றி. இரண்டையும் பார்த்தாயிற்று.

உப்புவெளி: இடப்பக்கச் சில்லில் காந்தம் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. ஜக் வைத்ததும் கதவு இடைவெளி ஒடுங்கியது. தாரைச் சுரண்ட விடவில்லை. எஞ்சின் எண் புத்தகத்தோடு பொருந்தவில்லை.

கந்தளாய்: சில் இரண்டும் காந்தம் பிடிக்கிறது. கதவு அசையவில்லை. வலப்பக்கப் பின் ஸ்பிரிங் ஹங்கரைச் சுற்றி ஸ்குரூ டிரைவர் உள்ளே போகிறது, டிக்கித் தரையில் உள்ளங்கை அளவு ஓட்டை. இடது முன் சக்கரம் ஆடுகிறது, பிறேக் மிதித்தாலும் நிற்கவில்லை. எண்கள் இரண்டும் சரி. பெயர்க்காரர் உயிரோடு இருக்கிறார், அவரே விற்கிறார். கொம்பிரஷன் நான்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

இனிக் கணக்கை எப்படிப் பிரிப்பது?


தகரக்கை:

கந்தளாய்தான். ஹங்கரும் டிக்கித் தரையும் வெட்டி ஒட்டக்கூடிய வேலை, வாசல் கட்டத் தேவையில்லை. ஆனால் ஹங்கரைத் திறந்தால் அதற்கு முன்னால் உள்ள காலிலும் கொஞ்சம் போயிருக்கும், பார்த்த அளவின் இரண்டு மடங்குக்குக் காசு வையுங்கோ. கறளில் எப்போதும் கண்ணுக்குத் தெரிவது பாதிதான். முழுப் பெயின்ற் இப்போது அடிக்காதேங்கோ. ஒட்டின இடத்துக்கு மட்டும் எபொக்ஸி பிரைமரும் நிறமும் போதும்.


கிறீஸ்கன்:

18ஐ இப்படிப் பிரியுங்கள். இதை விலைப்பட்டியலாக எடுக்க வேண்டாம், உறை என்று எடுங்கள். கராஜில் கேட்கும் தொகை உறைக்குள் அடங்காவிட்டால் வேலையைத் தொடங்க முன்னே பேசித் தீருங்கள். கார் 9. தகர வேலை 2.5. முன் சஸ்பென்ஷன் இரண்டு பக்கமும், முழுப் பிறேக்கும் 2.25. எஞ்சின், பெற்றோல் வழி, ரேடியேற்றர் 1.25. டயர் 5, பற்றரி, வயரிங் 1.5. பேப்பர், காப்புறுதி அரை. ஆக 17. மிச்சம் ஒரு இலட்சத்தைத் தொடவே கூடாது. பேரம் பேசி 9இல் எவ்வளவு குறைத்தாலும் அதுவும் அந்த ஒன்றோடு சேரட்டும், சீற் கவருக்குப் போகக்கூடாது.

வரிசை முக்கியம். முதலில் தகரம், அடுத்து பிறேக்கும் ட்ரனியனும், அதற்குப் பிறகுதான் எஞ்சினை ஓடவைப்பது. எஞ்சின் முதலில் ஓடினால் காரை வீதியில் இறக்க மனம் வரும், பிறேக் பிந்தும்.

பிறகு வருஷச் செலவு. நீங்கள் ஓடுவது 3,600 கி.மீ. என்றால் லீற்றருக்கு 13 கி.மீ. வைத்து ஏறக்குறைய 280 லீற்றர் பெற்றோல். 92 போதும். ஏற்றத்தில் தட்டுச் சத்தம் கேட்டால் டிஸ்ரிபியூட்டரை ஒன்றிரண்டு பாகை பின்னுக்கு வையுங்கள். எஞ்சின் ஒயில் 20டபிள்யூ-50, ஒரு தடவைக்கு 3.7 லீற்றர், ஓட்டம் குறைவென்றாலும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. கியர் பொக்ஸுக்கு 1.3 லீற்றர், பின் அக்ஸிலுக்கு 0.85 லீற்றர், இவை முதல் வருஷம் மாற்றினால் பிறகு அளவு பார்ப்பதுதான். பிறேக் ஒயில் எங்கள் ஈரப்பதத்துக்கு வருஷம் ஒருதரம், ஒரு லீற்றர் வாங்கினால் பழையது முழுக்கத் தள்ளப் போதும். பிளக் 4, பொயின்ற் 1, கொண்டென்சர் 1. டயரை ஓட்டத்தில் கணக்குப் பார்க்காதீர்கள், உங்கள் ஓட்டத்துக்குப் பூ தேயாது. ஆறு வருஷம் போனால் பக்கச் சுவர் வெடிக்கும். ஐந்து டயரின் விலையை ஆறால் பிரித்து வருஷா வருஷம் ஒதுக்குங்கள். பற்றரிக்கும் அப்படியே, மூன்றால்.

கச்சான் வீசும் மாதங்களுக்கு முன்னர் ரேடியேற்றரைக் கழுவி மூன்று ஹோஸையும் மாற்றுங்கள். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது, தண்ணீர்ப் பம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் நீளத்தில் ஒளிந்திருக்கும் பைபாஸ் ஹோஸ். மிக மலிவான சாமான், வெடித்தால் கந்தளாய்க் காட்டில் தண்ணீர் முழுக்கக் கொட்டி ஹெட் வளைந்துவிடும். தெர்மோஸ்டாற்றைக் கழற்றி எறியச் சொல்லும் பாஸ்மாரின் பேச்சைக் கேட்காதீர்கள். கிணற்றுத் தண்ணீரை ரேடியேற்றருக்குள் விடாதீர்கள். டச்பேக் கிணறுகளில் உவர் உண்டு.


தகரக்கை:

அதே உவர்த் தண்ணீரால் காரைக் கழுவவும் வேண்டாம். பைப் தண்ணீர்தான். நிலாவெளி போய் வந்தால் அன்றைக்கே கீழேயும் சக்கர வளைவுக்குள்ளும் அடித்துக் கழுவி, வெயிலில் கதவைத் திறந்து வைத்துக் காயவிடுங்கோ. கதவின் அடியிலும் சில்லிலும் உள்ள தண்ணீர் வடியும் ஓட்டைகளை மாதம் ஒருதரம் சைக்கிள் கம்பியால் குத்தி விடுங்கோ. கொட்டகையில் பிளாஸ்ரிக் விரிப்பால் மூடினால் இரவு ஈரம் உள்ளேயே நிற்கும். பருத்தித் துணி போதும், அல்லது மூடாமலே விடலாம்.

வெல்டிங் முடிந்து பிரைமர் காய்ந்ததும் சில், காலின் உள்பக்கம், கதவுக்குள் எல்லாம் கவிற்றி வக்ஸ் (கறள் தடுக்கும் மெழுகு) அடிப்பியுங்கோ. பழைய எஞ்சின் ஒயில் அடிக்கிற வழக்கம் ஒன்று இருக்கிறது, அது ரப்பர் புஷ்ஷையும் பிறேக் ஹோஸையும் ஊதவைக்கும். வக்ஸை ஐப்பசிக்கு முன்னர் வருஷா வருஷம் திரும்ப அடிக்க வேண்டும். அந்தச் செலவையும் கிறீஸ்கன் சொன்ன வருஷக் கணக்கில் சேர்த்துக் கொள்ளுங்கோ.


கோட்டையடி:

சரி அண்ணா. நாளை பிரதேச செயலகத்தில் நிலுவையைப் பார்த்துவிட்டு விலை பேசுகிறேன். கந்தளாயிலிருந்து கொண்டுவர லொறிதானே? கட்டி இழுக்க முடியாதா?


கிறீஸ்கன்:

இழுக்காதீர்கள். பிறேக் நம்ப முடியாது, இடது ட்ரனியன் தேய்ந்தது. லொறியில் ஏற்றி, கயிறை சஸ்பென்ஷன் கையில் கட்டாமல் நான்கு சக்கரத்தின் றிம்மிலும் கட்டுவியுங்கள். ஏற்றும்போது ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்க விடாதீர்கள்.